கன்று அனுப்பும் முதற் செய்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றிரண்டு பசுக்களை வளவிலே கட்டி வளர்க்கும் குடும்பங்கள் பல. பால் வீட்டுக்கும் விற்பனைக்கும் உதவுகின்றது. எரு வெங்காயத் தோட்டத்துக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் உரமாகின்றது. கன்று பிறந்தாலன்றிப் பால் இல்லை. ஆகையால், பசுவைச் சினைப்படுத்திய நாள் முதலாக 21 நாட்களை எண்ணிக் காத்திருப்பது மாடு வளர்ப்போரின் வழக்கம். அந்நாளளவிலே பசு மீண்டும் கத்தத் தொடங்கினால் சினை தங்கவில்லையென்று கொள்வர். இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழ்ந்துவிட்டால், சினைப்படுத்த வந்தவரைக் குறைகூறுவாரும் உளர். பசுவை மலடென்று விலைக்குத் தள்ளிவிடுவாரும் உளர். அந்த மூன்று வாரங்களில் பசுவின் வயிற்றில் நடப்பதை அறிந்தவர் அத்துணை விரைவில் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

தன் வயிற்றிற் கரு உண்டாகியிருக்கின்றது என்பது பசுவின் உடலுக்குத் தானாகத் தெரியாது. சூலகத்திலிருந்து சூல் வெளியேறிய இடத்திலே மஞ்சட் சடலம் என்னும் சிறு திரள் வளர்கின்றது. அது புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோனைச் சுரந்து, கருவைத் தாங்குதற்குக் கருப்பையை ஆயத்தஞ் செய்கின்றது. ஆயினும் கருப்பை நெடுநாள் காத்திராது. ஏறத்தாழ 17ஆம் நாளளவில் அது புரொஸ்தகிளாந்தின் என்னும் பொருளை அலையலையாக வெளியிடும். அப்பொருள் சூலகத்தை அடைந்ததும் மஞ்சட் சடலம் தேய்ந்தழியும். சில நாட்களிற் பசு மீண்டும் பருவத்துக்கு வரும். கரு தப்புதற்கு வழி ஒன்றே: அந்நாள் வருமுன் தன் இருப்பைத் தாய்க்கு அறிவித்தாக வேண்டும்.

அறிவிக்கப் போகும் கருவோ மிகச் சிறியது. சூலும் விந்தும் கூடிப் பிறக்கும் நுகம் ஒரேயொரு கலம். கடுகின் குறுக்களவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே அதன் அளவு. அது இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பிரிகின்றது. எட்டுக் கலங்களாகும் வரை பெரும்பாலும் தாய் சூலில் வைத்தனுப்பிய கட்டுச்சோற்றிலேயே அது வாழ்கின்றது. எட்டிலிருந்து பதினாறு கலங்களாகும் வேளையிலே தன் சொந்தப் பரம்பரையலகுகளைக் கொண்டு பெரிதும் தொழிற்படத் தொடங்குகின்றது. ஐந்தாம் நாளளவிற் கருப்பையை அடைந்து, ஏழாம் நாளளவில் உட்குழிந்த ஒரு சிறு பந்தாகின்றது.

இப்பந்தின் வெளிக்கலங்கள் பின்னர் நஞ்சுக்கொடியாகும்; உட்கலங்களிலிருந்து கன்று உருவாகும். எக்கலம் எதுவாவதென்று தீர்மானிப்பதில் அதன் இருப்பிடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சுற்றிலும் அயற்கலங்கள் நெருக்கியிருக்கும் கலத்திலே எழும் செய்தி வேறு. ஒருபுறம் வெளியைப் பார்த்திருக்கும் கலத்திலே எழும் செய்தி வேறு. அச்செய்திகளுக்கேற்ப வெவ்வேறு பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன. ஒன்பதாம் பத்தாம் நாட்களிற் கரு தன் உறையைக் கிழித்து வெளிவருகின்றது. எனினும் அது உடனே கருப்பையைப் பற்றிக்கொள்வதில்லை. இரண்டாம் வாரம் முடிந்ததும் வியத்தகு விரைவில் நீண்டு நூல்போலாகி, மூன்றாம் வார முடிவில் ஒரு சாண் அளவை எட்டிவிடுகின்றது. கருப்பைச் சுவரிற் கூடிய அளவு இடத்துக்குத் தன் செய்தியை எட்டச் செய்வதற்கு இந்த நீட்சி துணையாகின்றது.

அச்செய்தியைத் தாங்கிச் செல்லும் பொருள் இன்ரபெரோன் ரோ என்னும் புரதமாகும். நூலின் வெளிக்கலங்கள் அதனைச் சுரக்கின்றன. அது கருப்பையின் உட்சுவரிற் பட்டதும், புரொஸ்தகிளாந்தினை அலையலையாக வெளியேற்றும் ஏற்பாடு அடங்கிவிடுகின்றது, மஞ்சட் சடலம் பிழைக்கின்றது, சினை நிலைக்கின்றது.

1960களிலே கேம்பிரிட்ஜில் மூர், றோசன் ஆகிய விஞ்ஞானிகள் செம்மறியாடுகளிற் கருவை மாற்றிவைத்துப் பார்த்தனர். 12ஆம் நாளுக்குள் வைத்த கரு தங்கியது. அதன் பின் வைத்தது தங்கவில்லை. செய்திக்கு ஒரு தவணை உண்டென்பது அதனாற் புலனாயிற்று. செய்தியைத் தாங்கிய பொருள் இன்ரபெரோன் குடும்பத்தைச் சேர்ந்ததென 1987இல் வெளியானபோது பலரும் வியந்தனர். ஏனெனில், 1957இல் இலண்டனில் ஐசாக்ஸ், லிண்டன்மன் என்போர் கண்டறிந்த இன்ரபெரோன் வைரசுக்களைத் தடுக்கும் காவற் பொருளாகவே அறியப்பட்டிருந்தது. நோயை எதிர்க்கும் அக்குடும்பத்தின் ஓர் உறுப்பே அசைபோடும் விலங்குகளிற் கருவின் தூதுவனாகவும் விளங்குகின்றது.

தூது தவறுவது அரிதன்று. நல்ல நிலையிலுள்ள பசுக்களில் 100க்கு 90 அளவிற் கருக்கட்டல் நடைபெற்றாலும், கன்று ஈனுவன ஏறத்தாழப் பாதியே. இழப்பிற் பெரும்பகுதி முதல் மூன்று வாரங்களுக்குள்ளேயே நேர்கின்றது. கரு மெலிந்து வளர்ந்தாற் செய்தியும் மெலியும். தாயின் போசணைக் குறைவும் நோயும் அதற்குக் காரணமாகலாம். வெப்பமும் ஒரு பெருங் காரணம். சினைப்பட்ட முதலிரு நாட்களிலே கரு வெப்பத்தைச் சற்றும் பொறாது. கலங்கள் பெருகப் பெருகவே தாங்குந் திறன் கூடும். திமிலுள்ள இனங்களின் கருக்கள் ஐரோப்பிய இனங்களின் கருக்களைவிட வெப்பத்தைத் தாங்கவல்லவை. எனவே, பால் வேண்டி வளர்க்கப்படும் ஐரோப்பியக் கலப்புப் பசுவுக்கே சித்திரை, வைகாசி வெயிலில் அதிக பாதுகாப்பு வேண்டும்.

ஆதலின், சினைப்படுத்திய பசுவை வெட்டவெளியிற் கட்டாது, வேம்பு அல்லது பூவரச நிழலிலே கட்டுதல் நன்று. குளிர்ந்த நீர் எந்நேரமும் அருகிலிருத்தல் வேண்டும். மழையற்ற சோளகக் காலத்திற் புல் கருகும்போது, வைக்கோலோடு குழையும் பிண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்து மெலிவு வராமற் காத்தல் வேண்டும். சினைப்படுத்திய நாளைக் குறித்துவைத்து, 18ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் கவனித்தல் வேண்டும். பசு ஒருமுறை திரும்பவும் பருவத்துக்கு வந்தால், அத்தவணைக்குட் கருவின் செய்தி போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் பொருள், பசு மலடென்பதன்று. மூன்று முறை அவ்வாறு நிகழின் மிருக வைத்தியரைக் கொண்டு காட்டுதல் தக்கது. அதன் பின்னரே பசுவை வைத்திருப்பதா, விற்பதா என்று எண்ணுதல் முறையாகும்.