அறிதல் பாங்கும் கணிதப் படைப்பாற்றலும்: வினாமொழியின் பங்கு

மாணவர் ஒருவர் கணிதத்தில் பெறும் மதிப்பெண் வேறு. கணக்கினை அவர் அணுகும் முறை வேறு. செய்திகளை உணர்ந்து, பகுத்து, பயன்படுத்துவதில் ஒருவரிடம் நிலையாகக் காணப்படும் போக்கினை உளவியலார் அறிதல் பாங்கு என்பர். இப்பாங்கிற்கும் கணிதப் படைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பினையும், அதனை அளக்கும் வினாக்களைத் தமிழாக்கும்போது எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஹெர்மன் விட்கின் அறிதல் பாங்கினைக் களஞ்சார்ந்தது, களஞ்சாராதது என இரு முனைகளுக்கு இடைப்பட்ட ஒரு தொடர்ச்சியாகக் கண்டார். சிக்கலான உருவத்துள் மறைந்துள்ள எளிய உருவத்தைக் கண்டறியச் செய்யும் அவருடைய சோதனை 1950இல் வெளிவந்தது. களஞ்சாராதவர் பகுதியை முழுமையினின்று எளிதில் பிரித்தெடுப்பர்; களஞ்சார்ந்தவர் அதனைச் சூழலோடு இணைத்தே காண்பர்.

படைப்பாற்றலை விரிசிந்தனையோடு தொடர்புபடுத்தியவர் கில்ஃபோர்டு. சரளம், நெகிழ்ச்சி, தனித்தன்மை ஆகியன அதன் முதன்மைக் கூறுகள். இவற்றுள் நெகிழ்ச்சியின் இன்றியமையாமையை லூச்சின்சின் 1942ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்துகிறது. 21, 127, 3 அளவுள்ள குடுவைகளைக் கொண்டு 100 அளவு நீர் பெற, 127இலிருந்து 21ஐ ஒரு முறையும் 3ஐ இரு முறையும் நீக்க வேண்டும். இவ்வகைக் கணக்குகளில் பழகியோரிடம் 23, 49, 3 அளவுள்ள குடுவைகளால் 20 அளவு நீர் பெறுமாறு கூறியபோது, 23இலிருந்து 3ஐ நீக்கும் எளிய வழி பலருக்குப் புலப்படவில்லை. பழைய வழியையே பின்பற்றினர்.

பழகிய அமைப்பை உடைத்து மறுஒழுங்கு செய்வதில் களஞ்சாராதவர் மேம்பட்டிருப்பர் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் பாங்கும் படைப்பாற்றலும் ஒன்றல்ல. கூறுகளைத் திறம்படப் பிரிக்கும் மாணவர் முதல் விடையோடு நின்றுவிடவும் கூடும். மேலும், மறையுருச் சோதனையில் ஒரு முனையினரே உயர்மதிப்பெண் பெறுவதால், அது பாங்கினை அன்றித் திறனையே அளக்கிறது என்ற மறுப்பும் உண்டு.

இங்குதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஓர் எண்ணைக் கேட்பதும் குறிப்பிட்ட எண்ணைக் கேட்பதும் சுட்டடையால் வேறுபடும். தமிழில் அத்தகைய சுட்டடை இல்லை. அஃறிணைப் பெயரோடு சேரும் இரண்டாம் வேற்றுமை உருபு பெரும்பாலும் குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும். '2ஆலும் 3ஆலும் வகுத்தால் 1 மீதி தரும் எண்ணைக் காண்க' என்னும் வினா, விடை ஒன்றே என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. 7 எனக் கண்ட மாணவர் அத்துடன் நின்றுவிடுவார். 'எண்கள் சிலவற்றைக் காண்க' எனின், அவர் 13, 19 எனத் தொடர்வார். அவற்றிடையே உள்ள ஒழுங்கையும் உணரக்கூடும். முதல் வடிவம் விரிசிந்தனை வினாவைக் குவிசிந்தனை வினாவாக்கிவிடுகிறது.

பெயரெச்சத் தொடர்களின் அடுக்கும் கருதத்தக்கது. தமிழில் நிபந்தனைகள் யாவும் பெயருக்கு முன்னரே வருகின்றன. அடுக்கு நீளுமாயின், வாக்கியமே மறையுருவாகிவிடுகிறது. அப்போது களஞ்சார்ந்த மாணவரின் தடுமாற்றம் கணிதத்தாலா, தொடரமைப்பாலா எனப் பிரித்தறிதல் அரிது. நிபந்தனைகளைத் தனித்தனி வாக்கியங்களாக்குதல் இதற்குத் தக்க தீர்வாகும்.

எனவே, படைப்பாற்றல் குறைவு என மாணவரை மதிப்பிடுமுன், வினாவின் மொழி அவருக்குப் பலவழிகளைத் திறந்ததா, அடைத்ததா என ஆராய்தல் வேண்டும்.