ஷூவில் மாட்டிய சென்சார் எதை அளக்கிறது?

ஓடுபவர்கள் ஷூ லேஸில் மாட்டிக்கொள்ளும் சின்ன சென்சாருக்கு ஃபுட் பாட் என்று பெயர். ஓடி முடித்ததும் தூரம், நிமிடத்துக்கு எத்தனை அடி, பாதம் தரையில் இருந்த நேரம், வாட் கணக்கில் திறன் என்று செல்போனில் எண்கள் வந்து குவியும். ஆனால் அது நேரடியாக அளப்பது முக்கியமாக இரண்டைத்தான்: முடுக்கம், சுழற்சி. மற்றதெல்லாம் கணக்கு.

உள்ளே ஒரு சிலிக்கான் சில்லு. அதில் மிக நுண்ணிய ஸ்பிரிங்குகளில் ஒரு துண்டு தொங்குகிறது. கால் விசுக்கென்று முன்னே போகும்போது அந்தத் துண்டு இம்மியளவு பின்தங்கும். அதை மின்சார மாற்றமாகச் சில்லு பதிவு செய்யும். முடுக்கத்தை நொடி நொடியாகக் கூட்டினால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம். வம்பு இங்கேதான். ஒவ்வொரு நொடியும் வேகத்தை நொடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் கூட்டிக் காட்டும் பிழை முடுக்கத்தில் ஒட்டிக்கொண்டாலும், ஒரே நிமிடத்தில் தூரம் 180 மீட்டர் தப்பிவிடும்.

காப்பாற்றுவது பாதமேதான். சாதாரண ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் சுமார் கால் நொடி தரையில் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு கணம் அசைவே கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கணத்தைக் கண்டுபிடித்து, 'இப்போது வேகம் பூஜ்யம்' என்று மென்பொருள் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. மணிக்கட்டுக்கு இப்படி நிற்கும் கணம் கிடையாது. ஜிபிஎஸ் இல்லாதபோது வாட்ச் கைவீச்சை வைத்து ஊகிக்கிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினால் குழம்பிப்போகும். லேஸில் தளர்வாகக் கட்டிய ஃபுட் பாடும் தன் ஆட்டத்தையே உங்கள் ஓட்டமாகக் காட்டும்.

ஷூவை வைத்து ஓட்டத்தை அளக்கும் ஆசை பழையதுதான். பிரான்ஸில் உடலியலாளர் எத்தியேன்-ழூல் மாரே 1870-களிலேயே காற்றறை வைத்த ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூவை மாட்டிவிட்டு, குழாய் வழியே ஓடுபவரின் கையிலிருந்த கருவியில் அடிகளைப் பதிவு செய்தார்.

எண்களில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது அடி எண்ணிக்கைதான். அதிலும் நிமிடத்துக்கு 180 அடி என்ற இலக்கை வேதவாக்காக எடுக்க வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் எண்ணிப் பார்த்துச் சொன்னது அது. ஓடியவர்கள் பந்தய வேகத்தில் இருந்த உலக வீரர்கள். உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறு: அதே வேகத்தில் ஓடிக்கொண்டே உங்கள் வழக்கமான எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறையும். 2011-ல் வெளியான விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு இதைக் காட்டியது.

'அதிர்ச்சி' என்று சில செயலிகள் காட்டும் எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கெண்டைக்கால் எலும்பில் உச்சச் சுமை ஏறுவது பாதம் தரையைத் தொடும்போது அல்ல. பிறகு, கெண்டைத்தசை இறுக்கி உடலை முன்னே உந்தும்போது. கணைக்காலில் கட்டிய சென்சாருக்குக்கூடத் தசையின் அந்த இழுப்பு தெரியாது. வாட்டும் அப்படித்தான். சைக்கிள் பெடலில் விசையையே அளக்கலாம். ஷூ லேஸில் முடியாது. உடல் எடையை நீங்கள் தப்பாகப் பதிந்திருந்தால் வாட்டும் தப்பாகத்தான் வரும்.

பக்கத்தில் ஓடுபவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே ஷூ, அதே பாதை, அதே வேகம் என்று வைத்துக்கொண்டு உங்கள் போன மாத எண்ணோடு ஒப்பிடுங்கள். நீண்ட ஓட்டத்தின் கடைசி அரைமணியில் வேகம் மாறாமலே பாதம் தரையில் தங்கும் நேரம் கூடிக்கொண்டே போனால், கால் களைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.