பெருவிரல் வலியும் கண்வலிக் கிழங்கும்

நள்ளிரவில் கால் பெருவிரலின் அடிமூட்டு திடீரெனச் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் பொறுக்க இயலாது. ஏழெட்டு நாட்களில் வலி தானாகவே தணிந்துவிடும். சுளுக்கு என்றெண்ணி அதனை மறந்துவிடுவோர் பலர். ‘கௌட்’ எனப்படும் இம்மூட்டு நோய் மக்களை ஏமாற்றுவது இங்கேதான்.

நம் உடலிலும் உணவிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதனைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகமே. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் அதன் அளவு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், ஊசி போன்ற படிகங்களாக அது மூட்டுகளில் படியக்கூடும். உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்புப் பூப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஏறக்குறைய அத்தகையதே இதுவும். வலி தணிந்த பின்னரும் படிகங்கள் அங்கேயே இருக்கின்றன. கவனியாது விட்டால் மூட்டு அரிக்கப்படும். சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம்.

1961ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் மெக்கார்ட்டி, ஹாலண்டர் ஆகியோர் மூட்டு நீரில் இப்படிகங்களை நுண்ணோக்கியால் அடையாளங்கண்டனர். முதியோரின் முழங்காலில் கால்சியம் பைரோபாஸ்பேட் படிகங்களால் வரும் வீக்கம் வேறு நோய் என்பதும் இம்முறையாலேயே தெளிவாயிற்று.

வலியைத் தணிக்கும் மருந்துகளுள் ஒன்றான கொல்கிசின், நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் உள்ளது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் உழவர்கள் பயிரிடும் கண்வலிக் கிழங்குச் செடி இதுவே; இதன் விதை மருந்துக்காக விலை போகிறது. ஆனால் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நம் தோட்டத்தில் விளைவதுதானே என்று கிழங்கையோ விதையையோ அரைத்து உண்பது உயிருக்கே இறுதியாகும்.

கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. பழுதுற்ற சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். மருத்துவர் அல்லோபூரினால் போன்ற மருந்தைத் தந்தால், வலியில்லாத நாட்களிலும் தவறாது உட்கொள்ள வேண்டும். அமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழே நின்றால் படிகங்கள் மெல்லக் கரையும். இதற்கு மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஆகும்.

மதுவையும், ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியையும், இனிப்பூட்டிய குளிர்பானங்களையும் விலக்குவது நலம். பருப்பையும் கீரையையும் அறவே நிறுத்திவிடுவோர் உண்டு. ஏழை எளியோரின் புரதத்தை இவ்வாறு பறிப்பது தேவையற்றது. வலி மிகுந்த நாளில் எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பான அளவே காட்டக்கூடும். இரண்டு வாரங்கள் கழித்து மறுபடியும் பரிசோதிக்குமாறு மருத்துவர் கூறுவது இதனாலேயே.