பிடியரிசிப் பானை
கிராமத் தொடக்கப்பள்ளி மதிய உணவு, 1950கள்

சோற்றுக்கு அரிசி களையும் முன் ஒரு பிடியை அள்ளி இத்தகைய பானையில் போட்டுவைப்பார்கள். நிறைந்ததும் அது பள்ளிக்கூடத்து அடுப்புக்குப் போகும். பானை வாயின் உள்விளிம்பைப் பாருங்கள், கை போய்வந்தே வழவழப்பாகியிருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் தொடக்கப்பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊரார் தந்த நன்கொடையிலேயே உலை கொதித்தது. 1957இல் அரசு மானியம் வந்த பிறகும் செலவில் ஒரு பங்கை ஊரே ஏற்றது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மேசை, நாற்காலி, கடிகாரம், சீருடைத் துணி, நிலம் என மக்கள் கொடுத்தார்கள். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு இம்மாநாடுகளை முன்னின்று நடத்தினார். ஆகவே கிராமப் பள்ளியை அரசு கட்டிக்கொடுத்த ஒன்றாக மட்டும் பார்த்தால் பாதி வரலாறு விடுபட்டுப்போகும்.

அரசின் கடமையை ஏழை ஊரின் தலையில் சுமத்தியதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை பொய்த்த ஆண்டில் பிடியரிசியும் குறையும். கொடுப்பவர் கை ஓங்கிய இடத்தில் சாதியும் பந்தியில் வந்து உட்காரும். குழந்தையின் ஒருவேளைச் சோறு யாருடைய தயவையும் நம்பியிருக்கக் கூடாது. 1982இல் சத்துணவுத் திட்டம் அதை அரசின் பொறுப்பாக்கியது சரியே. ஆனால் பிடி போட்ட வீட்டுக்குப் பள்ளியில் உரிமை இருந்தது: ஆசிரியர் வராவிட்டால் ஏன் என்று கேட்கலாம், கூரை ஒழுகினால் ஓலை மாற்ற ஆள் திரட்டலாம். பள்ளி வயதுப் பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அந்த உரிமை இருந்தது.