மூல நிரலும் முச்சந்திப் பேச்சும்

பத்துபஸ்தியில் எங்கள் வீட்டிற்கு எதிரே ஒரு தேநீர்க் கடை உண்டு. மாலைப் பொழுதில் அங்கே அரை மணி நேரம் அமர்ந்திருப்பவருக்கு உலக விவகாரம் முழுவதும் விளங்கிவிடும். தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள் ஆகிய நால்வகைத் தாய்மொழியினரும் ஐந்தாவது மொழியாகிய இந்தியில் வாதாடும் காட்சி, மெயின்லாண்டிலிருந்து புதிதாக வந்து விடுதியில் தங்கியுள்ள நண்பர்களுக்கு வியப்பளிக்கலாம்; எங்களுக்கு அஃது அன்றாட வழக்கம். என் சிறு வயதில் அக்கடையில் கப்பல் எப்போது வரும், வெங்காயம் என்ன விலை என்பவையே பேச்சாக இருந்தன. இன்றோ கைப்பேசியும் கணிப்பொறியுமே பேச்சு.

சென்ற மாதம் என் மடிக்கணினியை அங்கே விரித்து வைத்திருந்தேன். அதில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருக்கிறது என்று தெரிந்ததும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் மூன்று அபிப்பிராயங்கள் வந்து விழுந்தன. முதலாமவர், “காசில்லாமல் கிடைப்பது காசுக்கு ஆகாது” என்றார். இரண்டாமவர், “உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே!” என்றார். மூன்றாமவர் மென்மையான மனிதர். “அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு, தம்பி” என்று முடித்துவிட்டார். இவற்றைக் கடைவீதிப் பேச்சென்று தள்ளிவிடலாம். ஆயின், இதே மூன்றையும் நம் வளாகத்தில், முதுகலை விஞ்ஞானம் பயிலும் தோழர்களின் வாயாலும் கேட்டிருக்கிறேன். நான் கணிப்பொறி இயல் பயின்றவனல்லன், கடலியல் மாணவன். எனினும் எனக்குத் தெரிந்த அளவில் விடை கூற முயல்கிறேன்.

முதலில் மூல நிரல் என்பது யாது? கணிப்பொறி அறிந்தவை 0, 1 என்னும் இரண்டே. மனிதர் எவரும் அம்மொழியில் பக்கம் பக்கமாக எழுதவும் படிக்கவும் இயலாது. ஆகவே மனிதர் படிக்கத்தக்க மொழியில் கட்டளைகளை எழுதி, அவற்றைத் தொகுப்பி என்னும் மற்றொரு மென்பொருளின் துணையால் பொறியின் மொழிக்கு மாற்றுகிறார்கள். மனிதர் எழுதியது மூல நிரல். கடையில் நாம் வாங்குவதோ பெரும்பாலும் மாற்றப்பட்ட வடிவம் மட்டுமே. அதிலிருந்து மூலத்தை மீட்க முயல்வது சோற்றிலிருந்து நெல்லைத் தேடுவது போன்றது. மூல நிரலையும் உடன் கொடுத்து, எதற்கும் பயன்படுத்தலாம், படித்தறியலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தி வெளியிடலாம் என்று உரிமமும் எழுதித் தருவதே கட்டற்ற மென்பொருள். திறமூலம் என்று வழங்குவதும் ஏறக்குறைய இதுவே. இவ்விரு பெயரினருக்குமிடையே கொள்கைப் பூசல் உண்டு. நமக்கு இங்கு அது வேண்டாம்.

என் தந்தையார் இராமநாதபுரத்திலிருந்து பிழைப்புத் தேடி இத்தீவுக்கு வந்து, ஜங்கிலிகாட்டில் மீன்பிடி படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். இதை அவருக்கு விளக்க நான் அதிகம் பாடுபடவில்லை. “திறக்க முடியாத எஞ்சினை நம்பிக் கடலுக்குப் போவானா ஒருவன்?” என்று கேட்டுவிட்டு ஸ்பானரைக் கையிலெடுத்துக்கொண்டார்.

இனி முதல் அபிப்பிராயத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் அவர்களுக்குக் குழப்பம் நேர்கிறது. இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்று பிரித்துக் கூறும் தமிழர்க்கு அக்குழப்பம் வருவானேன்? 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தபோது அவர் கேட்டது விலைக் குறைப்பையன்று, உரிமையை. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக் கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்மினும் இரண்டு வயது இளையவர்! இன்று நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் அக்கருவே இயங்குகிறது. 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் இடம் பெற்றவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே. காசுக்கு ஆகாத பொருள் இவ்வளவு தூரம் போகாது. மற்றொன்றும் கூறுவேன். விடுதியில் இரவெல்லாம் படம் பார்க்க நீங்கள் திறக்கும் வி.எல்.சி., 1996-இல் பாரிசு நகரத்தருகே ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்துக்காகத் தொடங்கிய திட்டத்திலிருந்து பிறந்து, 2001-இல் கட்டற்ற உரிமத்தோடு வெளிவந்தது. ஆக, முதலாமவர் கட்சிக்காரர்களும் அறியாமலே நம் கட்சியில்தான் இருக்கிறார்கள்.

இரண்டாமவர் கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

கோப்புகளைச் சுருக்கிக் கட்டுவதற்கு எக்ஸ்-இசட் என்றொரு சிறு மென்பொருள் உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகள் எங்கும் அது காணப்படும். அதைப் பல்லாண்டுகளாகப் பேணி வந்தவர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் உழைத்த ஒரே ஒரு மனிதர். அவருக்கு உதவி புரிவதாக ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டாண்டுகளுக்கும் மேலாகப் பணிவோடு திருத்தங்கள் செய்து நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான பதிப்பில் ஒரு கள்ளக் கதவைப் புதைத்துவிட்டார். அது பரவியிருப்பின், உலகெங்குமுள்ள எண்ணற்ற கணிப்பொறிகளுக்குள் அந்த ஆசாமி சாவியின்றி நுழைந்திருக்கக் கூடும். பிடித்தவர் யார் தெரியுமா? ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டு என்னும் பொறியாளர். கள்ளனைத் தேடி அவர் புறப்படவில்லை. தம் சோதனைக் கணிப்பொறியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி அதிகமாவது ஏன் என்று குடைந்தார். குடைந்துகொண்டே போனவர் கதவைக் கண்டார். 2024 மார்ச் 29-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார்.

இக்கதையை நம் கட்சிக்குச் சாதகமாக மட்டும் சொல்லுவது நேர்மையாகாது. நிரல் திறந்திருந்ததால்தான் ஒருவர் தம் ஐயத்தை இறுதிவரை துருவிப் பார்க்க முடிந்தது என்பது மெய். திறந்திருந்தும் அதற்கு முன் எவரும் பார்க்கவில்லை என்பதும் மெய். அக்கள்ளக் கதவின் பகுதிகள் சோதனைக் கோப்புகளுக்குள் மறைக்கப்பட்டிருந்தன. 2014-இல் ‘ஹார்ட்பிளீடு’ என்ற பெயரில் வெளிப்பட்ட பிழையும் இரண்டாண்டுக் காலம் எல்லோர் கண்முன்னும் கிடந்ததே. திறந்த கதவு காவலாகாது. உள்ளே ஒருவர் விழித்திருக்க வேண்டும். உலகமே சார்ந்திருக்கும் ஒரு பொருளைத் தனி ஒருவர் கூலியின்றிச் சுமக்க, அதனால் கோடி கோடியாக ஈட்டும் நிறுவனங்கள் வேடிக்கை பார்ப்பதே இதில் உண்மையான குற்றம் என்பது என் கருத்து.

நிற்க. மூன்றாமவருடைய “கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு” என்னும் சொல்லைப் பற்றி என் சொந்த அனுபவமே பேசும்.

முதலாண்டில் ஒரு பழைய மடிக்கணினியை வாங்கினேன். வாங்கிய கடையில் பூட்டுடைத்த விண்டோஸைப் போட்டுத் தந்தார்கள். நானும் வாய்மூடிப் பெற்றுக்கொண்டேன். சிடியாடாப்புக் கரையில் வற்றுக்கடல் நேரங்களில் முழங்கால் நீரில் நின்று எடுத்த கடற்புல் அளவுகளையெல்லாம் அதில் ஏற்றினேன். ஒருநாள் காலை திறந்தால் கோப்புகள் அத்தனையும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திரையில் நின்றது. நான்கு மாத உழைப்பு! பென்சிலால் எழுதிய குறிப்பேடுகள் இருந்ததால் ஏறத்தாழ முக்கால் பங்கை மீட்டேன். நீரில் நனைந்து எழுத்து மறைந்த பக்கங்கள் போனவை போனவைதாம். வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்காதது என் பிழையேயன்றி வேறெவர் பிழையுமன்று; லினக்ஸ் இருந்திருந்தாலும் வட்டு உடைந்தால் கதி அதுவே. எனினும், எங்கிருந்து வந்தது, யார் எதைச் செருகினார் என்று அறியாத ஒரு மென்பொருளின்மேல் என் ஆராய்ச்சியை ஏற்றியிருந்தேன் என்று எண்ணியபோது வெட்கமாக இருந்தது.

லினக்ஸை ஏற்றியது ஒரு மாலைப் பொழுது வேலை. பின்னர் இரண்டு நாள் வைஃபை இயங்காமல் என்னை அழவைத்தது என்பதையும் மறைக்கமாட்டேன். பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்றும் அதில் பூச்சிக் கோலமாகவே தெரிகின்றன. அது லினக்ஸின் குறையன்று, யூனிகோடுக்கு மாறாத நம்முடைய குறை. அளவுகளை ஆராய ஆர் மொழியையும், வரைபடம் தீட்டக் கியூஜிஐஎஸ்ஸையும் கையாளுகிறேன். இரண்டும் கட்டற்றவை. ஆர் மொழி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக் கழகத்தில் புள்ளியியல் ஆசிரியர் இருவர் உருவாக்கியது. கணிப்பொறி படித்தவர்க்கு மட்டும் என்பது பொய். கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும் என்பதே மெய். தமிழ்நாட்டரசு 2011-இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே இருந்தது. பரமக்குடியிலிருக்கும் என் அத்தை மகன் அப்பெயரைத் தொடக்கத் திரையில் ஆண்டுக்கணக்கில் பார்த்தானேயன்றி ஒருநாளும் தேர்ந்தெடுத்ததில்லை. ஏனென்று கேட்டேன்; “யாரும் சொல்லித் தரவில்லை” என்றான். அண்டையிலுள்ள கேரளத்தில் ஆசிரியர்களுக்கு முதலிற் பயிற்சியளித்துவிட்டு அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். தமிழில் படித்தறிய விரும்புவோர்க்குக் கணியம் மின்னிதழ் 2012 முதல் எளிய கட்டுரைகளைக் கொடுத்து வருகிறது.

தீவில் வாழ்பவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு நியாயமும் உண்டு. சென்னையிலிருந்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் எங்கள் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படத்தை அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போய்த் திரும்பினாலும் அது போய்ச் சேர்ந்திருக்காது. இந்நிலையில், ‘இணையத்தில் பதிவு செய்க’, ‘இணையத்தில் உறுதி செய்க’ என்று நிமிடந்தோறும் கேட்கும் பூட்டிய மென்பொருளால் எங்களுக்கு என்ன பயன்? லினக்ஸோ சென்னையிலிருந்து வரும் எவரேனும் ஒருவர் பென் டிரைவில் ஏறி, மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கும். இறங்கியபின் ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். அதனைச் சட்டமே அனுமதிக்கிறது. பூட்டுடைத்த மென்பொருளும் அப்படித்தான் பரவியது. ஆனால் அங்கே கொடுப்பவனும் குற்றவாளி, பெறுபவனும் குற்றவாளி. அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுப்பதைக் குற்றமாக்காத உரிமம் இது என்றால் என் அன்னையாருக்கு உடனே விளங்குகிறது.

அன்னையார் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது எனக்கு வயது இரண்டு. நிக்கோபாரிலிருந்து கப்பல்களில் கொண்டுவரப்பட்டவர்களின் பெயர்களைத் தாள்களில் எழுதி ஒட்டியிருந்ததையும், உறவினரைத் தேடுவோர் அவற்றைத் தாள் தாளாக விரல் வைத்துப் படித்ததையும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். அதே நாட்களில், 30,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த இலங்கையில், கணிப்பொறி வல்லுநர்கள் தாமாக முன்வந்து கூடினார்கள். காணாமற்போனோர் யார், எம்முகாமில் எவர், எங்கே என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பதியும் மென்பொருளை இரவு பகலாக எழுதினார்கள். லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேஷன் அதனை முன்னின்று நடத்தியது. பெயர் சகனா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதனைப் பூட்டி விற்றிருக்கலாம். அவர்கள் திறந்தே விட்டார்கள். அதனால் 2005-இல் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோதும், 2010-இல் ஹெய்ட்டி நாடு சிதைந்தபோதும் அங்குள்ளோர் அனுமதிக் கடிதத்துக்கும் பணத்துக்கும் காத்திராமல் அதை எடுத்துத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள முடிந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006-ஆம் ஆண்டுக்கான சமூக நலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. நம் வளாகத்தில் பேரிடர் மேலாண்மை பயிலும் தோழர்கள் இப்பெயரைத் தங்கள் பேராசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கைப்பேசி பற்றி ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டின் கரு திறந்தது என்றேன். அதனால் உங்கள் கைப்பேசி திறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கருவின்மேல் கம்பெனிகள் அடுக்கும் செயலிகளும் பூட்டுகளும் அவர்களுடையவை. திருத்தங்கள் நின்றுவிட்டால், கண்ணாடி கீறாத நல்ல கைப்பேசியும் கிழடாகிவிடுகிறது. தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது மூவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட ஒரே செய்தி இதுதான்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் அதே கதி நேர்ந்தது. அன்றோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொள்பவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய மடிக்கணினிகள் நம் விடுதியில் பத்துக்குக் குறையாமல் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை என்னிடம் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் மன்ற அறையில் இருப்பேன். உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். இல்லாதவர் மடிக்கணினியைத் தொடமாட்டேன். 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று என்னிடம் உண்டு. அதிலுள்ளதை எத்தனை படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவை மட்டும் திருப்பித் தந்துவிட வேண்டும்.