வாடகையில் பங்கு: வணிகர்கள் கவனத்திற்கு

மகமை சேர்த்துப் பொதுக்கடை கட்டி வாடகை பெறுவது நம் பகுதி வணிகர்களுக்குப் புதிதல்ல. இன்று பலருடைய பணத்தில் பெரிய வணிக வளாகங்களை வாங்கி, வரும் வாடகையைப் பிரித்துத் தரும் டிரஸ்டுகள் உள்ளன. டிரஸ்ட் என்றாலும் இது தர்மம் அன்று, வியாபாரமே.

இந்தியாவில் கடை வளாகங்களுக்கென முதலில் வந்தது நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட். 2023 மே மாதம் யூனிட் ஒன்று 100 ரூபாய்க்கு வெளியிட்டது. சென்னை வடபழனி விஜயா மாலும் இதில் அடக்கம். பகிர்ந்தளிக்கத்தக்க தொகையில் 90 சதவீதமாவது முதலீட்டாளருக்குத் தரவேண்டும் என்பது செபி விதி.

நீண்டகால லாபம் என்பது கைக்கு வந்த வாடகைப் பங்கும், யூனிட் விலையின் ஏற்ற இறக்கமும் சேர்ந்தது. நல்ல வருடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. சிங்கப்பூரில் 2002-இல் பட்டியலிடப்பட்ட கேப்பிட்டாலேண்ட் மால் டிரஸ்ட், 2019-இல் யூனிட்டுக்கு 11.97 சென்ட் கொடுத்தது. 2020-இல் கொரோனாவால் கடைகளுக்கு வாடகைத் தள்ளுபடி தர நேர்ந்தது. இன்னொரு டிரஸ்டுடன் இணைந்த அது, அவ்வருடம் கொடுத்தது 8.69 சென்ட்.

நம்முடையது மானாவாரிச் சீமை. மழை பொய்த்தால் கடன் வசூல் நின்றுவிடும். அந்த நேரம் யூனிட் விலையும் இறங்கியிருந்தால் நஷ்டத்துக்கு விற்க வேண்டிவரும். எனவே மல்லி, வத்தல், பயறு கொள்முதலுக்கான முதலை இதில் போடாதீர்கள். ஐந்தாறு வருடம் தொடத் தேவையில்லாத பணம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.