பாறு மீளும் பாதை

இறைவனின் படைப்பில் வீணானது என்று எதுவுமில்லை. மண்ணில் ஊரும் உயிர்களும் விண்ணில் பறக்கும் புள்ளினங்களும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்பது திருமறை உணர்த்தும் கருத்து. அத்தகைய சமுதாயம் ஒன்று நம் கண்முன்னே அழியும் நிலையை எய்தியது. அதனை மீண்டும் வானில் உலவச் செய்யும் முயற்சியை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் பணியும்

பிணந்தின்னிக் கழுகு என்று இன்று இகழ்ச்சி தோன்ற அழைக்கப்பெறும் பறவையைச் சங்கச் சான்றோர் பாறு என்றும் எருவை என்றும் குறித்தனர். இப்பறவை இறந்த விலங்குகளை உண்டு நிலத்தைத் தூய்மை செய்கிறது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் உணவு பெற வந்த மஞ்சள்முகப் பாறுகள் அவ்வூரின் புகழோடு ஒன்றியவை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றுபோயிற்று. இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு ஒப்படைக்கும் மும்பைப் பார்சி மக்களின் மரபும் இடர்ப்பட்டது.

அழிவின் காரணம்

1992 முதல் 2007 வரையிலான காலத்தில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது எனலாம். காரணம் நோயன்று, மருந்து. மாட்டின் வலி தீர்க்க இரக்கத்தோடு இட்ட டைக்ளோஃபினாக் ஊசியே பாறுகளுக்கு நஞ்சாயிற்று. ஊசி இட்ட மாடு இறந்தால், இறைச்சியில் எஞ்சிய மருந்து பறவையின் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெண்படலமாகப் படிய, சில நாட்களில் பறவை மடிகிறது. ஒரு பிணத்தைப் பல பறவைகள் கூடி உண்பதால் ஒரு மாடே ஒரு கூட்டத்தை அழிக்க வல்லதாயிற்று. பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வு 2004இல் இவ்வுண்மையை வெளியிட்டது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது.

பாறுகள் மறைந்தபின் பிணங்கள் அழுகி நீரை மாசுபடுத்தின, தெருநாய்களும் பெருகின. இவற்றின் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாக இழக்கப்பட்டன என்று 2024இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

வளர்ப்பும் விடுவிப்பும்

அருகிய உயிரை வளர்த்து இயற்கையில் விடுதல் நமக்குப் புதியதன்று. நம் அமராவதி நகரில் 1976இல் அமைந்த முதலைப் பண்ணை, முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கச் செய்து, வளர்ந்த முதலைகளை நீர்நிலைகளில் விட்டது. பாறுகளுக்கும் அரியானா மாநிலத்துப் பிஞ்சோரில் இத்தகைய மையம் உண்டு. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகமும் அம்மாநில வனத்துறையும் 2001இல் அதனைத் தொடங்கின. பாறு ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு இனப்பெருக்கப் பருவம் எய்த ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகும். ஆகவே இப்பணி மிகுந்த பொறுமையை வேண்டுவது. 2020 அக்டோபரில் எட்டு வெண்முதுகுப் பாறுகள் அங்கிருந்து விடுவிக்கப்பெற்றன.

ஆயின் முதலைக்கு நீர்நிலை எல்லையாகும், பாறுக்கோ எல்லையில்லை. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பறக்கவல்ல அப்பறவையை வேலியிட்டுக் காத்தல் இயலாது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியக் காண்டோர் இதற்குச் சான்று. 1987இல் மொத்தம் 27 பறவைகளே எஞ்சியிருக்க, காட்டில் இருந்தவற்றையெல்லாம் பிடித்து வளர்த்து, 1992 முதல் விடுவித்தனர். எண்ணிக்கை பெருகியது உண்மையே. எனினும் வேட்டையில் இறந்த விலங்கின் உடலில் தங்கும் ஈயக் குண்டுத் துகள்களை உண்டு அவை இன்றும் மடிகின்றன. எனவே பறவையை விடுவிக்குமுன் அதன் உணவைத் தூய்மை செய்தல் வேண்டும். இதுவே மீட்பின் அடிப்படை.

நம் கடமை

தமிழகத்தில் பாறுகள் முற்றும் மறைந்துவிடவில்லை. நீலகிரியின் வடபால் அமைந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் அவை வாழ்கின்றன. தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்கள் இணைந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகளும், அவ்வாண்டு டிசம்பரில் எடுத்த கணக்கில் 320 பாறுகளும் காணப்பெற்றன. இவை பெருகினால் பழைய வாழிடங்களுக்குத் தாமே பரவக்கூடும். அதற்குரிய தூய்மையான உணவை அளிக்கும் பொறுப்பு கால்நடை வளர்ப்போரிடம் உள்ளது.

உடுமலை, காங்கேயம் வட்டாரங்களில் மாடு வளர்க்கும் இல்லங்கள் பலவாகும். பின்னலாடைத் தொழிலுக்குச் செல்வோர் வீட்டிலும் ஒரு கறவை மாடு இருக்கக் காண்கிறோம். அவ்வில்லங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு மூன்று செய்திகள் கூறத் தகும். முதலாவது, மாட்டின் வலிக்குப் பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் போன்ற மருந்தையே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுதல். 2023இல் தடைசெய்யப்பெற்ற கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றைத் தவிர்த்தல். இரண்டாவது, நாயையோ வனவிலங்கையோ கொல்லும் நோக்கில் பிணத்தில் நஞ்சு வையாமை. மூன்றாவது, தீங்கான மருந்து இடப்பெற்ற மாடு இறப்பின் ஆழப் புதைத்தல். மண்ணில் புதைக்கும் முறையை ஆதமின் மகனுக்குக் கற்பித்ததும் ஒரு பறவையே என்பது திருமறை கூறும் வரலாறு அன்றோ?

இப்பூமி நமக்கு உரிமைப் பொருளன்று. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெற்றதைக் குறைவின்றி ஒப்படைப்பதே நம்பிக்கையாளரின் இலக்கணம். மருந்துக் கடையில் கேட்கும் ஒரு சொல்லில் அக்கடமை தொடங்குகிறது.